சந்தேகம்: மையவிலக்கு கம்ப்ரசரில் இம்பெல்லர் அகலம் மிகக் குறைவாக வருகிறது

காட்பாடி மாணவன்: இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக ஒற்றை நிலை மையவிலக்கு கம்ப்ரசரின் முதற்கட்டக் கணக்கைப் போட்டு வருகிறேன். அழுத்த விகிதம் 3, ஓட்டம் வினாடிக்கு 1 கிலோ. இம்பெல்லர் (காற்றைச் சுழற்றி வெளியே தள்ளும் பிளேடு சக்கரம்) விட்டம் 481 மி.மீ. வருகிறது, வெளிவாயில் பிளேடு அகலமோ மூன்றரை மி.மீ.தான். வாய்பாட்டில் பிழை தெரியவில்லை. திங்களன்று ரிவ்யூ இருப்பதால் விரைந்து உதவுங்கள்.

ராணிப்பேட்டை விசிறிக்காரர்: என்ன வாயு, உள்ளே வரும் வெப்பநிலை எவ்வளவு, எத்தனை ஆர்பிஎம் என்று எதுவுமே எழுதவில்லையே தம்பி? விசிறியில் அகலம் போதாவிட்டால், வெளியேறும் ஆர வேகத்தை (மையத்திலிருந்து வெளிநோக்கிய வேகத்தை) குறைத்துவிடுவோம்.

பாலாற்றங்கரை: அளவுக்கு மீறிக் குறைத்தால், டிஃப்யூசருக்குள் (இம்பெல்லரைச் சுற்றியுள்ள, வேகத்தை அழுத்தமாக மாற்றும் பாதைக்குள்) காற்று வெளியே நகராமல் வட்டமடித்து, சுவரோரம் பின்னோட்டம் தொடங்கிவிடும். ஆர்பிஎம்மை முதலில் சொல்லுங்கள்.

காட்பாடி மாணவன்: காற்றுதான், 35 டிகிரி. 15,000 ஆர்பிஎம், ஆய்வகத்தில் இருக்கும் கியர்பாக்ஸ் அவ்வளவுதான் தரும். திறன் 80 சதவீதம், ஆர பிளேடு.

டர்போ மூத்தவர்: பாடப்புத்தகத்தைப் புரட்டியிருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது. ஐசென்ட்ரோபிக் வேலை (இழப்பே இல்லாவிட்டால் தேவைப்படும் வேலை) கிலோவுக்கு 114 கிலோஜூல், உள்வாயில் கன அளவு வினாடிக்கு 0.87 கன மீட்டர் என்று வைத்து 15,000 ஆர்பிஎம்முக்கு ஸ்பெசிஃபிக் ஸ்பீடு (வேகம், ஓட்டம், வேலை மூன்றையும் இணைக்கும் அலகில்லா எண், இது குறைந்தால் சக்கரம் பெருத்து அகலம் சுருங்கும்) கண்டால் 0.24 வருகிறது, நல்ல திறன் கிடைப்பதோ 0.6 முதல் 0.8 வரையிலான பகுதியில். கியர்பாக்ஸைப் பார்த்து கம்ப்ரசர் வடிவமைப்பது, கிடைத்த செருப்புக்கேற்பக் காலை வெட்டுவது போன்றது. மேலும், விட்டத்திலிருந்து வரும் வினாடிக்கு 378 மீட்டர் விளிம்பு வேகம், ஸ்லிப்பை (காற்று பிளேடை முழுதாகப் பின்பற்றாமல் சற்றுப் பின்தங்குவதை) சேர்க்கவே இல்லை என்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

பாலாற்றங்கரை: கியர்பாக்ஸை மாற்ற வழியில்லையென்றால் இரண்டு நிலையாகப் பிரிக்கலாம், முதல் நிலையின் ஸ்பெசிஃபிக் ஸ்பீடு 0.42 வரை ஏறும்.

ராணிப்பேட்டை விசிறிக்காரர்: அது இருக்கட்டும், வேலூர் மே மாதத்துக்கு 35 டிகிரியா? 42 வையுங்கள்.

டர்போ மூத்தவர்: அந்த 7 டிகிரிக்கு விளிம்பு வேகம் 1 சதவீதம்தான் கூடும். முதற்கட்டக் கணக்கில் அது ஒரு பொருட்டே அல்ல.

ராணிப்பேட்டை விசிறிக்காரர்: காகிதத்தில் 1 சதவீதம்தான் ஐயா. வேகத்தைக் கூட்ட முடியாத இயந்திரத்தில் அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்தே விழும். வாங்கியவர் நம்மைக் கூப்பிடுவதும் கத்திரி வெயிலில்தான்.

காட்பாடி மாணவன்: 40,000 ஆர்பிஎம், பின்சாய்ந்த பிளேடு (சுழலும் திசைக்கு எதிராகச் சாய்ந்தது), ஸ்லிப் சேர்த்துப் போட்டேன். விளிம்பு வேகம் வினாடிக்கு 458 மீட்டர், விட்டம் 219 மி.மீ., அகலம் 6 மி.மீ. நன்றி.

பாலாற்றங்கரை: 458 மீட்டருக்கு எந்த உலோகம்? அந்த வேகத்துக்கு என்ன பேரிங் வைக்கிறீர்கள்?