டிஸ்னிலாண்ட் பாரிஸ், ஒக்டோபர் விடுமுறை, 6 பேர்: எங்கே பிழை நடக்கிறது?

ஹரோவாசி:
ஒக்டோபர் அரைத்தவணை விடுமுறையில் லண்டனிலிருந்து 2 இரவு போக யோசனை. நாங்கள் இரண்டு பேர், அம்மம்மா (மரக்கறி மட்டும், முழங்கால் வலி), பிள்ளைகள் 11, 7, 3 வயது. போய் வந்த சனமெல்லாம் ஒரே கதைதான் சொல்லுது: காசைக் கொட்டினோம், வரிசையில் நின்றோம், களைச்சுப்போய் வந்தோம். பூங்காவின் சொந்த ஹொட்டலில் நிற்பதா, வெளியிலா? வரிசையைத் தாண்டுகிற பிரீமியர் அக்சஸ் தேவையா? எதை எப்போது செய்ய வேண்டும் என்று சொன்னால் போதும்.

மார்ன்கரை:
முதல் பிழை அறையில் நடக்கிறது. பூங்காவின் சொந்த ஹொட்டல்களில் சாதாரண அறை 4 பேருக்கு. 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத்தான் மேலதிகமாகத் தொட்டில் வைப்பார்கள், உங்கள் சின்னதுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆகவே இரண்டு அறை. பக்கத்துப் பக்கத்து அறை வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம், கிடைக்கும் என்று உறுதி கிடையாது. நியூபோர்ட் பே போன்ற சில ஹொட்டல்களில் 6 பேருக்கான குடும்ப அறை உண்டு. விடுமுறைக் கிழமைகளில் அதுதான் முதலில் தீரும்.

இரண்டாவது, முதல் நாளை வீணாக்குவது. அறை பின்னேரம்தான் கையில் வரும். அறையும் நுழைவும் சேர்ந்த ஹொட்டல் பொதியில் வந்து சேரும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் சேர்த்தே நுழைவுச்சீட்டு இருக்கிறது, 2 இரவென்றால் 3 நாள். இணையத்தில் செக்-இன் செய்துவிட்டு, காலையிலேயே பெட்டியை ஹொட்டலில் ஒப்படைத்துவிட்டு நேரே பூங்காவுக்குப் போங்கள். லொபியில் சாவிக்காகக் குந்தியிருக்கிறவர்கள் ஒரு முழு நாள் காசை அங்கேயே விடுகிறார்கள்.

சொந்த ஹொட்டலின் உண்மையான பலன் குளியலறையோ மிக்கி படமோ இல்லை, காலை 8.30க்கு உள்ளே விடுவதுதான். மற்றவர்களுக்கு 9.30. அந்த ஒரு மணித்தியாலத்தில் ஃபாண்டசிலாண்ட் பகுதியில் பீட்டர் பான் சவாரியை முடித்துவிடுங்கள். அந்தப் படகுகள் சின்னது, ஒரு தடவைக்கு ஏறுகிறவர்கள் கொஞ்சம், அதனால் நடுப்பகலில் வரிசை அசையாது. பக்கத்திலுள்ள இரண்டாவது டிஸ்னி பூங்காவில் க்ரஷ் கோஸ்டரும் இதே வியாதிதான், ஒரு வண்டிக்கு 4 பேர். 8.30க்கு வாசலில் நிற்க முடியாத குடும்பம் என்றால் அந்த ஹொட்டலுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

நாள்காட்டி:
யாரும் திகதியைப் பற்றிச் சொல்லவில்லையே. பிரான்சின் குளிர்கால, வசந்தகால விடுமுறைகள் ஏ, பி, சி என்று வலயம் வலயமாகப் பிரிந்து வரும். ஒக்டோபர் கடைசியில் வரும் தூசான் விடுமுறை மட்டும் முழு நாட்டுக்கும் ஒரே நேரம், 2 கிழமை. அதற்குமேல் இங்கிலாந்தின் அரைத்தவணை, அதற்குமேல் ஹாலோவீன். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. 31ஆம் திகதியைக் கண்ணாலும் பார்க்காதீர்கள்.

மாற்ற முடியுமென்றால் நவம்பர் நடுப்பகுதி, 11ஆம் திகதி அரச விடுமுறையைத் தவிர்த்து. செவ்வாய், வியாழன் நல்லது. புதன் ஏமாற்றும்: பிரான்சில் நிறையச் சிறுவர்களுக்குப் புதன் பள்ளிக்கூடம் இல்லை, அல்லது அரைநாள். பெப்ரவரி என்றால் பாரிஸ் இருக்கும் சி வலயத்தின் கிழமைகளை விலக்குங்கள். உங்கள் பள்ளியின் இன்செட் நாள் (ஆசிரியர் பயிற்சிக்காகப் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் நாள்) வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் அதை வாரக்கடைசியோடு ஒட்டிப் பாருங்கள்.

கலேவழி:
மார்ன்கரை சொன்ன இரண்டு அறைக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். 6 பேர், அதில் மரக்கறி அம்மம்மா என்றால் டேவி க்ரொக்கெட் ராஞ்ச் பாருங்கள். அதுவும் டிஸ்னியின் இடம்தான், 8.30 நுழைவும் உண்டு. மரக்குடில், 6 பேர் வரை, அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ளே. ஆனால் பூங்காவிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர், இலவச பஸ் கிடையாது, சொந்தக் கார் கட்டாயம். ஃபோக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றினால் 35 நிமிடத்தில் கலே, பிறகு ஏறக்குறைய 3 மணித்தியால ஓட்டம், வழியில் சுங்கக் கட்டணமும் உண்டு. பூங்காவில் கார் நிறுத்தம் ராஞ்சில் தங்குகிறவர்களுக்கு இலவசம்.

ரயிலில் வருவதாக இருந்தால்: லண்டனிலிருந்து நேரே வந்த யூரோஸ்டார் 2023 ஜூனோடு நின்றுவிட்டது. பழைய பதிவுகளை நம்பி வருகிற சனம் இன்னும் உண்டு. இப்போது லீல் நகரில் ரயில் மாறி, பூங்கா வாசலிலுள்ள மார்ன்-லா-வலே ஷெஸ்ஸி நிலையத்துக்கு வர வேண்டும். அல்லது பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கி ஆர்.இ.ஆர். பி புறநகர் ரயிலில் ஷாத்லே, அங்கே ஆர்.இ.ஆர். ஏ-க்கு மாறி கடைசி நிறுத்தம், ஷாத்லேயிலிருந்து சுமார் 40 நிமிடம். இந்த வழியின் நன்மை என்னவென்றால் கார் து நோரிலிருந்து தமிழ்க் கடைகள் இருக்கும் லாசப்பல் நடை தூரம். இடியப்பம், சம்பல், வடை முதல் நாளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஷெஸ்ஸிக்கு முந்தின நிறுத்தம் வல் தூரோப், அங்கே பெரிய ஓஷான் கடை. பழம், தயிர், பாண் அங்கே. பூங்காவுக்குள் கண்ணாடிப் போத்தலும் கடினமான குளிர்பெட்டியும் விடமாட்டார்கள்.

மார்ன்கரை:
கார் இருந்தால் ராஞ்ச் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பிரீமியர் அக்சஸ் இரண்டு வகை. அல்டிமேட் என்றால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு தடவை. வன் என்றால் ஒரே ஒரு சவாரிக்கு. விலை நாளுக்கு நாள் மாறும், தலைக்குத் தலை கட்ட வேண்டும். உங்களுக்கு அல்டிமேட் வேண்டாம், ஏனென்றால் சின்னது பாதிச் சவாரியில் ஏற முடியாது, அம்மம்மா ஏறமாட்டா. சவாரிகளில் ஏற வேண்டிய குறைந்தபட்ச உயரம் பாருங்கள்: பிக் தண்டர் 102 செ.மீ., க்ரஷ் 107, ஹைப்பர்ஸ்பேஸ் 120, இந்தியானா ஜோன்ஸ் 140. பிக் தண்டருக்கு மட்டும் பின்னேரம் வன் வாங்கினால் போதும். மற்றதற்கு வாசலில் நிற்கிறவரிடம் "பேபி ஸ்விட்ச்" என்று கேளுங்கள்: ஒருவர் ஏறிவிட்டு வர, சின்னதோடு நின்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம்.

இரவுக் காட்சி முடிந்ததும் எல்லாச் சனமும் மெயின் ஸ்ட்ரீட்டால் ஒன்றாக வெளியேறும். அந்த வீதியின் இரண்டு பக்கமும் கூரை போட்ட ஆர்கேட் இருக்கிறது, அதற்குள்ளால் வாருங்கள். அம்மம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாசலுக்கருகில் வாடகைக்கு உண்டு. முதல் நாள் காலையிலேயே எடுங்கள், முழங்கால் வீங்கிய பிறகு இல்லை.

ஹரோவாசி:
காரில்தான் வரப்போகிறோம், ராஞ்ச் பார்க்கிறேன். நடுவிலான் 119 செ.மீ. ஹைப்பர்ஸ்பேஸ் விடுவார்களா?

மார்ன்கரை:
வாசலில் அளவுகோல் இருக்கிறது, அதில் பட்டால்தான். வீட்டிலேயே இல்லை என்று சொல்லிக் கூட்டி வாருங்கள், பிக் தண்டர் தாராளமாகப் போவான்.