புதுப்பிப்பு: அந்த எஸ். குமார் வேறு, இவர் வேறு

போன வாரம் கேட்டிருந்தேனே, வேளச்சேரியில் ஃப்ளாட் விற்கிற எஸ். குமார் பெயரில் ஈ-கோர்ட்ஸ் (நீதிமன்ற வழக்கு விவரத்) தளத்தில் செக் பவுன்ஸ் வழக்குகள் வருது, அது இவர்தானா என்று. இவர் இல்லை.

வழக்கின் உத்தரவு நகலில் எதிரியின் (அதாவது குற்றம் சாட்டப்பட்ட எஸ். குமாரின்) அப்பா பெயர், முகவரி இரண்டும் இருந்தன. விற்பவரின் கிரயப் பத்திரத்தோடு வைத்துப் பார்த்தால் அப்பா பெயரே வேறு. அவருக்கு எஸ் என்றால் சுந்தரம், இவருக்கு சண்முகம்.

இந்த இனிஷியல்தான் நம்மூர்த் தலைவலி. பான் கார்டில் இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுதணும். அதனால் பத்திரத்தில் எஸ். குமார், பானில் குமார் சண்முகம். ஆள் ஒருத்தர்தான், தேடினால் ரெண்டு பேர்.

ஒருவர் தன்னை வக்கீல் என்கிறாரே, அதைச் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள்: எம்எஸ் என்று தொடங்கும், பதிவான ஆண்டும் அதிலேயே இருக்கும். கம்பெனி இயக்குநர் என்றால் 8 இலக்க டின் (இயக்குநர் அடையாள) எண். பெயர் எத்தனை பேருக்கும் இருக்கலாம், எண் ஒருவருக்குத்தான்.

2024 தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்தோடு அதே பெயர்க்காரர்கள் சிலரும் நின்றார்களே! வாக்கு இயந்திரத்தில் போட்டோ ஒட்டுவதே இதற்காகத்தான்.

வில்லங்கச் சான்று சர்வே எண்ணை வைத்துப் போட்டாச்சு. தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) எங்கள் வக்கீலிடம் இருக்கிறது. அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அட்வான்ஸ்.