வன ரென்னா, மலை ரென்னா?

குழு: நம்ம வீடு

உஷா, மாலை 5.42
[படம்]
[குரல் பதிவு 0:21]
சேகர் மாமா, இது என்ன குருவி? எக்குவடோர், தாந்தயாப்பா பள்ளத்தாக்கு. கீட்டோவுக்கு வடமேற்கே, சுமார் 1,700 மீட்டர் உயரம்.

தினேஷ், 5.44
இலைதான் தெரிகிறது 🙄

உஷா, 5.44
இடது ஓரம், பாசி பிடித்த மரத்துக்குக் கீழே. பெரிதாக்கிப் பாருடா.

கமலா அத்தை, 5.49
குரல் நம் தோட்டத்துத் தையல்சிட்டு மாதிரி இருக்கிறதே. இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு தொண்டையா!

சேகர் மாமா, 5.57
தையல்சிட்டு அங்கே கிடையாது. இது ரென், வாலைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு சின்னக் குருவி வகை. முதுகு பழுப்பு என்பதை விட்டுத்தள்ளு, அந்தக் காட்டில் பழுப்புக் குருவிக்கா பஞ்சம்? முகத்தைப் பார். வெள்ளைப் புருவம், கன்னத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கீற்று. வால் குட்டை.

தினேஷ், 6.01
தேடினேன். மலை ரென் என்று ஒன்று வருகிறது. மலையில்தானே எடுத்தாள்?

சேகர் மாமா, 6.04
பேரை வைத்து முடிவு கட்டாதே. மலை ரென்னுக்குக் கன்னத்தில் இந்தக் கீற்று கிடையாது. அது மரத்தில் ஏறிப் பாசிக்குள் இரை தேடும். இது தரையை ஒட்டிப் புதருக்குள்ளேயே இருக்கும். உஷா, மார்பு என்ன நிறம்?

உஷா, 6.06
சாம்பல், மாமா. வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு நொடி வெளியே வந்தது.

சேகர் மாமா, 6.09
அப்போ சாம்பல்மார்பு வன ரென். அறிவியல் பெயர் ஹெனிகோரினா லியூகோஃப்ரிஸ். வெண்மார்பு வன ரென் என்று இன்னொன்று உண்டு, அது தாழ்ந்த காடுகளில் இருப்பது.

உஷா, 6.10
பதிவில் இரண்டு குரல் கேட்கிறதே?

சேகர் மாமா, 6.15
ஜோடிப் பாட்டு. ஒன்று விட்ட இடத்தில் மற்றது பிடிக்கும். ஆனால் பாட்டு இடத்துக்கு இடம் மாறும். எக்குவடோரிலேயே கீழ்ச்சரிவில் இருப்பதும் மேல்சரிவில் இருப்பதும் வேறு வேறு மாதிரி பாடும். கொலம்பியாவில் முஞ்சிகே பக்கம் இதே சாயலில் இருந்ததை 2003-ல்தான் தனி இனம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பாட்டும் ஒரு முக்கிய ஆதாரம்.

தினேஷ், 6.17
நம் ஊரில் ரென் உண்டா பெரியப்பா?

சேகர் மாமா, 6.20
கிடையாது. அந்தக் குடும்பமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ஒரே ஒரு இனம்தான் ஐரோப்பா, ஆசியா பக்கம் வந்தது. இந்தியாவில் அதுவும் இமயமலையோடு சரி.

உஷா, 6.22
நாளைக்குப் பதிவை ஸ்பீக்கரில் போட்டால் வெளியே வருமா?

சேகர் மாமா, 6.23
வரும். எதிரி புகுந்துவிட்டது என்று நினைத்துப் பதறிக்கொண்டு வரும். வேண்டாம்மா. பதிவை இபேர்டில் (பறவை பார்ப்பவர்கள் தகவல் சேர்க்கும் இணையதளம்) ஏற்று, உயரத்தையும் எழுது. அந்தப் படத்தைவிட அதுதான் உபயோகம்.