ஆண் சிங்கக் கூட்டணிகளை அடையாளம் காண்பது: சாபி சாண்ட் அனுபவம்

பிடரியின் நிறத்தை வைத்து ஆண் சிங்கங்களைப் பிரித்தறியலாமா என்று இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வயது ஏற ஏறப் பிடரி கறுக்கும், சண்டையில் பிய்ந்துபோகும், காயம்பட்ட சிங்கத்துக்கு உதிரவும் செய்யும். காலை வெயிலில் பொன்னிறமாகத் தெரிவதே மழையில் நனைந்துவிட்டால் வேறு சிங்கம் மாதிரி இருக்கும். சாகும்வரை மாறாதது கன்னத்தில் இருக்கும் மீசைப் புள்ளிகள்தான். என் அனுபவத்தையே சொல்கிறேன், அப்போது இது சுலபமாகப் புரியும்.

இடம் தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் தனியார் வனவிலங்குக் காப்பகம். க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டி சுமார் 65,000 ஹெக்டேர். 1993-ல் இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியை எடுத்துவிட்டார்கள். அதனால் க்ரூகர் பக்கமிருந்து எந்த அந்நிய ஆணும் எந்த இரவிலும் உள்ளே நடந்து வந்துவிடலாம். ஆண் சிங்கங்களைப் பின்தொடர்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. பாதையை விட்டு இறங்கி வண்டி ஓட்ட அனுமதி உண்டு, கைடுகள் பல வருடங்களாகப் படமும் குறிப்பும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக பானட்டின் முன்னால் தனி இருக்கையில் உட்கார்ந்து வரும் ஷாங்கான் இன டிராக்கர்கள், அதாவது தடம் பார்த்தே விலங்கைத் தேடிப் பிடிப்பவர்கள்.

ஒரு விடிகாலையில் எங்கள் டிராக்கர் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னார். மணல் பாதையில் இரண்டு ஆண் சிங்கங்களின் தடம், பக்கம் பக்கமாக. முன்கால் தடம் என் விரித்த உள்ளங்கையை விட அகலம், நகக்குறி இல்லை. அவர் குனிந்து ஒரு தடத்தின் விளிம்பைக் காட்டினார். ராத்திரியில் ஊர்ந்துபோன பூச்சி ஒன்றின் கோடு தடத்துக்குள் அப்படியே அறுந்துபோயிருந்தது. பூச்சி போனபிறகு சிங்கம் மிதித்திருக்கிறது, அதாவது அவை கடந்துபோய் அதிக நேரம் ஆகவில்லை. அப்புறம் அவர் சொன்ன விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இவ்வளவு தூரம் நடந்தும் ஓரிடத்தில்கூடப் பின்காலால் தரையைக் கீறி சிறுநீர் விட்ட அடையாளம் இல்லை. சொந்த எல்லையில் திரியும் ஆண்கள் அப்படிப் போகவே மாட்டார்கள், நாலு புதருக்கு ஒரு தரம் நின்று குறி வைப்பார்கள். இவை வெளியூர் ஆட்கள், சத்தமில்லாமல் கடக்கப் பார்க்கின்றன என்றார்.

தடம் ஒரு வறண்ட ஓடையில் இறங்கியது. கைடும் டிராக்கரும் இறங்கி நடந்தார்கள், நாங்கள் வண்டியிலேயே காத்திருந்தோம். அரை மணி கழித்து ரேடியோவில் கூப்பிட்டார்கள்.

மர நிழலில் இரண்டும் படுத்திருந்தன. மூக்கு பாதி இளஞ்சிவப்பு, பாதி கறுப்பு. குட்டியாக இருக்கும்போது முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும் மூக்கில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு ஏறிக்கொண்டே போகும், ஐந்து வயதுவாக்கில் ஏறக்குறைய பாதி கறுத்திருக்கும் என்பது கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளில் வந்த கணக்கு. ஆக, இவை ஓர் எல்லையைப் பிடிக்கும் துணிச்சல் வருகிற வயதில் இருந்தன. பெரியதுக்கு இடது காது நுனி இல்லை. ஆனால் காது வெட்டும் நாளைக்கே கூடலாம், அதனால் கன்னத்துக்குப் போனேன்.

மீசை முளைக்கும் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் நிற்கும். அந்த மேல் புள்ளி, கீழே உள்ள முழு வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேராக வருகிறது, அல்லது எந்த இரண்டுக்கு நடுவில் வருகிறது என்பதைத்தான் குறிக்க வேண்டும். பெனிகுயிக், ருட்னாய் என்ற இருவர் 1970-ல் எழுதிவைத்த முறை, இன்றைக்கும் இதுதான் அடிப்படை. பெரியதுக்கு இடப்பக்கம் மேலே இரண்டு புள்ளி, முதலாவது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. வலப்பக்கம் ஒரே புள்ளி. இரண்டு கன்னமும் ஒன்றுபோல இருக்காது, அதனால் இரு பக்கமும் எடுத்தே ஆகவேண்டும். நேர் முகப்படம் அழகாக இருக்கும், இந்த வேலைக்கு உதவாது.

சாயங்காலம் மறுபடி போனோம். தெற்கே தொலைவில் உள்ளூர் ஆண்கள் கர்ஜித்தன. காற்று அடங்கிய நேரத்தில் அந்தச் சத்தம் 8 கிலோமீட்டர் வரை போகும். இவை இரண்டும் தலையைத் தூக்கின, காதுகள் அந்தப் பக்கமே திரும்பி நின்றன. பதில் கொடுக்கவில்லை. எழுந்து, ஒன்றன் கழுத்தில் ஒன்று தலையைத் தேய்த்துவிட்டு, வடக்கே அடர்ந்த புதருக்குள் போய்விட்டன.

நாங்கள் தங்கிய லாட்ஜின் சிங்கக் கோப்பில் இந்தப் புள்ளிகளோடு எந்தச் சிங்கமும் இல்லை. கைடு படங்களை வடக்கே திம்பாவதி காப்பகத்துப் பக்கம் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார், மறுநாளே ஒத்துப்போகிற படம் வந்துவிட்டது. அதில் இவை மூன்று பேர். மூன்றாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. மூன்று பேர் என்றால் ஓர் எல்லையைப் பிடித்து இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம், இரண்டு பேருக்கு அது ரொம்பக் கஷ்டம்.

இந்த எண்ணிக்கை விவகாரத்தை மபோகோ கதை தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மபோகோ என்பது ஒன்றாகச் சேர்ந்து திரிந்து எல்லை காத்த ஆண் சிங்கங்களின் கூட்டணி. ஆறு ஆண்கள், 2006 வாக்கில் இருந்து சாபி சாண்டின் பெரும்பகுதியை ஆண்டவை. பிறகு இரண்டாகப் பிரிந்தன. 2010 ஜூனில் கிழக்கில் அந்த ஆறில் கிங்கி டெய்ல், மிஸ்டர் டி என்ற இரண்டு மட்டும் இருந்தபோது புதிய கூட்டணி வந்தது. அதில் ஒன்றை இவை கொன்றன, மீதி நான்கும் சேர்ந்து கிங்கி டெய்லைக் கொன்றன. அந்த நான்கைத்தான் பின்னாளில் மஜிங்கிலானே என்று அறிந்தோம். வளைந்த வால் நுனி, பிடரி வெட்டு என்று ஒவ்வொரு சிங்கமும் தனித்தனியாக அறியப்பட்டிருந்ததால்தான் யார் யாரோடு இருந்தது, யார் செத்தது என்பது இவ்வளவு துல்லியமாகப் பதிவானது.

ஆட்சி மாறினால் அடி குட்டிகளுக்குத்தான். புதிய ஆண்கள் சின்னக் குட்டிகளைக் கொன்றுவிடும், தாய் சீக்கிரமே மறுபடி இணைசேரத் தயாராகும். ஆகவே பாதையில் தெரியாத இரண்டு ஆண்கள் நடந்துபோனால், அந்தப் பகுதியில் குட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு பெண் சிங்கத்துக்கும் அது ஆபத்துச் செய்தி. நான் படம் எடுக்கும்போது அழகைவிட அடையாளத்துக்கு முதலிடம் கொடுப்பது இதனால்தான். முதலில் இரு கன்னம், அப்புறம் மூக்கு, காது, கொட்டாவி விடும்போது கோரைப்பல், வால் நுனி, கூடவே தேதியும் இடமும். மற்ற படங்களெல்லாம் அதற்குப் பிறகு.

சாபி சாண்ட், திம்பாவதி, க்ரூகர் பக்கம் போய்வந்தவர்கள் யாரிடமாவது மூன்று இளம் ஆண்கள் சேர்ந்திருக்கும் படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள். பழைய படமோ, மங்கலானதோ, பரவாயில்லை, ஒரு கன்னம் தெரிந்தால் போதும். காண்டாமிருகத்தைத் திருட்டு வேட்டையாடுகிறவர்கள் கண்வைக்கும் பகுதி என்பதால் இடத்தை மட்டும் பொதுவாகச் சொல்லுங்கள், படத்தில் இருப்பிடத் தகவல் பதிந்திருந்தால் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.