மறு: கையால பின்னுற விலங்கு பொம்மைக்குத் தமிழ்ல என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம்,

மூணு நாளா இந்த மடல் இழையைப் படிச்சுட்டுதான் இருக்கேன், பதில் எழுத முடியல, ஏன்னா லீவுக்குள்ள குழந்தைங்களுக்குக் குடுக்க நாலு முயல் பின்னி முடிக்கணும், ரெண்டு முடிஞ்சுது, மூணாவதுக்கு இன்னும் காது வரல. பின்னும்போதே செய்முறையையும் தமிழ்ல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன், தலைப்புலயே நின்னு போச்சு. அதான் எனக்கு இந்தச் சொல் உடனே வேணும்.

> "அடைத்த விலங்கு"ன்னு நேரடியாவே வெச்சுடலாமே

அண்ணா, அதைப் படிச்சதும் எனக்குக் கூண்டுதான் கண்ணு முன்னாடி வருது. "திணித்த"ன்னு மாத்தினாலும், திணிப்புங்கற சொல்லுக்கு நம்ம காதுல வேற கனம் ஏறிப் போச்சு. அப்புறம் இன்னொருத்தர் சொன்ன "கைப்பின்னல் விலங்கு", கையும் விலங்கும் பக்கத்துல வந்தா கைவிலங்கு ஞாபகம் வராம இருக்காது. பரிசா குடுக்கற பொருளுக்கு அது வேண்டாம். விலங்கைப் பேர்லேந்தே எடுத்துடலாம்னு தோணுது, முயலா கரடியான்னு தேவைப்பட்டா முன்னாடி சேத்துக்கலாம்.

அதை விட முக்கியமா ஒண்ணு. நாம எல்லாரும் உள்ள இருக்கற பஞ்சைப் புடிச்சுக்கிட்டுப் பேசறோம், ஆனா பஞ்சு எல்லா மெத்து பொம்மையிலயும்தான் இருக்கு. துணி பொம்மைன்னா துணியை வடிவத்துக்கு வெட்டி, ஓரம் தைச்சு, திருப்பிப் போட்டுப் பஞ்சு அடைக்கிறோம். இதுல வெட்டுறதே கிடையாது. என் முயலுக்கு உடம்பு 8 கண்ணியில, அதாவது 8 நூல் வளையத்துல ஆரம்பிக்குது, அடுத்தடுத்துக் கூட்டி 16, 24, 32ன்னு போகுது, வயிறு உருண்டு வருது, கழுத்துகிட்ட ரெண்டு கண்ணியை ஒண்ணாச் சேத்துப் பின்னிக் குறைச்சா சுருங்குது. உருவம் முழுக்க அந்தக் கூட்டல் குறைச்சல்லேயே வந்துடுது, பஞ்சு அதைத் தாங்கி நிக்கத்தான். அதனால பேர்ல "பின்னு" கட்டாயம் இருக்கணும், பஞ்சு இல்லாட்டியும் பரவால்ல.

ஜப்பான்காரங்க அமிகுருமின்னு சொல்றாங்க. அமிங்கறது பின்னுறது, மீதி நுயிகுருமிங்கற சொல்லோட வால், அதுதான் அவங்க ஊர்ல பஞ்சு பொம்மைக்குப் பேரு, அந்தச் சொல்லுக்குள்ள தைக்கிறதும் பொதியறதும் இருக்கு. பஞ்சு பொம்மைப் பேர்ல இருந்த தையலை எடுத்துட்டு அந்த இடத்துல பின்னலை வெச்சிருக்காங்க, எவ்வளவு அழகான யோசனை! இன்னொரு ஒத்துமையும் இருக்கு, ரெண்டு ஊசியில பின்னினாலும் ஒத்தைக் கொக்கியில குரோஷா போட்டாலும் அவங்களுக்கு ஒரே வினைதான், நமக்கும் ரெண்டுமே பின்னுறதுதான். இங்கிலீஷ்லதான் ரெண்டும் தனித்தனி. அதனால பொதுப்பேரு ஒண்ணு போதும், பிரிச்சுச் சொல்லணும்னா ஊசிப்பின்னல், கொக்கிப்பின்னல்னு சொல்லிக்கலாம்.

> பின்னற்பாவை. தோற்பாவை மாதிரி.

அக்கா, இதைப் பாத்ததும் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. சங்கப் பாட்டுல பைஞ்சாய்ப் பாவைன்னு வருது, பச்சைக் கோரையில செஞ்ச பொம்மை, வண்டற்பாவையும் வருது, குறள்ல மரப்பாவை (1020). எதால செஞ்சதோ அதை முன்னாடி வெச்சுப் பாவையைப் பின்னாடி சேக்கறது நம்ம பழைய வழிதான். பாவைன்னா பொண்ணுதானேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், தோற்பாவையில மானும் குரங்கும் கூடத்தான் வருது, அதனால அந்தத் தடை பெருசில்ல. என் தயக்கம் வேற. முயலைக் கையில குடுக்கும்போது "இந்தா உனக்கு ஒரு பாவை"ன்னு யாரும் சொல்ல மாட்டோம், பொம்மைன்னுதான் வாயில வரும், வாங்கற குழந்தைக்கும் அதுதான் புரியும்.

சரி, "பின்னல் பொம்மை"ன்னு வெக்கலாமான்னு பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லிப் பாத்தேன், "ரெட்டைப் பின்னலா ஒத்தைப் பின்னலா"ன்னு கேட்டா. அவளுக்குச் சடைதான் தெரிஞ்சிருக்கு, அதுவும் நியாயம்தானே.

அதான் நான் சொல்ல வர்றது: பின்னுபொம்மை. குடிநீர், பொரிகடலை மாதிரி வினைத்தொகை, நடுவுல ஒற்று வராது. சடைக் குழப்பம் இல்ல, வாய்க்கும் சுலபம். முயல் பின்னுபொம்மை, கரடி பின்னுபொம்மைன்னு எதையும் முன்னாடி ஒட்டலாம். அகராதிக்குப் பின்னற்பாவையும் பக்கத்துல இருக்கட்டும், அதைக் கைவிட எனக்கு மனசு வரல.

அப்புறம் "கண்ணி"ன்னு மேல எழுதிட்டேன், கேக்காமலே. ஊசியில தொங்கற ஒவ்வொரு வளையத்துக்கும் அதைப் போட்டேன். தையல்னு சொன்னா கடைசியில உறுப்புகளைச் சேத்துத் தைக்கிறதோட கலந்துடும். வலைக்கு சொல்ற மாதிரி "கண்"ன்னே சொல்லலாம்னு முதல்ல நினைச்சேன், ஆனா பொம்மைக்குக் கண்ணு வெக்கற வரி வரும்போது படிக்கறவங்க திண்டாடுவாங்க. அந்த வரியில இன்னொண்ணும் தடிச்ச எழுத்துல போடப் போறேன், 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைன்னா பிளாஸ்டிக் கண்ணு, பட்டன் எதுவும் வேண்டாம், பிஞ்சு வந்தா வாயில போட்டுக்கும், கறுப்பு நூலால கண்ணைத் தைச்சே காட்டிடலாம்.

> கண்ணின்னா பொறி இல்லையா? முயல் பொம்மைக் குறிப்புல முயலுக்குக் கண்ணி வெக்கற மாதிரி ஆகாதா?

இப்பதான் இந்த மடலைப் பாத்தேன் தம்பி. நீங்க சொல்றது சரிதான், "கண்ணி வை"ன்னு எழுதினா பொறிதான். ஆனா சங்கிலிக் கண்ணியும் அதே சொல்தானே, கூட வர்ற வினையை மாத்திட்டா போதும்னு நினைக்கறேன்: கண்ணி போடு, கூட்டு, குறை, கடைசியில முடி. "வை" எங்கயும் வராம பாத்துக்கறேன். இதை விட நல்ல சொல் யார்கிட்டயாவது இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, நாலாவது முயலை இந்தக் குறிப்பைப் பாத்தே எங்க அத்தை பின்னப் போறாங்க, எந்த வரியில தடுமாறுறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்.