கார் இல்லாமல் ஜெர்மனியின் மதில்சூழ் சிற்றூர்களுக்கு ஒருநாள் பயணம்: புதிதாக வந்தவர்களுக்கு

ஜெர்மனிக்கு வந்து முகவரிப் பதிவும் வங்கிக் கணக்கும் வீட்டு ஒப்பந்தமும் ஒருவழியாக முடிந்தபின், படங்களில் பார்த்த மதில்களும் கோபுர வாசல்களும் மரச்சட்ட வீடுகளும் கொண்ட பழைய ஊர்களை நேரில் காண வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வரும். ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கு இங்கே காலமும் பணமும் நிறையச் செலவாகும் என்பதால், முதல் ஓரிரு ஆண்டுகள் பெரும்பாலோர் காரில்லாமல்தான் இருக்கிறோம். நான் ஆறு ஆண்டுகளாக, நூரன்பெர்க்குக்குப் பக்கத்திலுள்ள எர்லாங்கனில் வசிக்கிறேன். இதுவரை கார் வாங்கவில்லை. சுற்றுவட்டாரத்து ஊர்களை மனைவியோடும் குழந்தையோடும் ரயிலிலும் பேருந்திலும் சென்றே பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இந்தப் பயணங்களைச் சுற்றுலா வரைபடத்தை வைத்துத் திட்டமிடக் கூடாது. ரயில் வரைபடத்தை வைத்து, அதுவும் திரும்பி வரும் நேரத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பலரும் கேட்பது, ரோத்தன்புர்க், டிங்கெல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்பதே. மூன்றும் ரொமான்டிஷ் ஷ்ட்ராஸ என்னும் பெயர்பெற்ற சுற்றுலாச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். ஆனால் அந்தச் சாலை வூர்ட்ஸ்புர்க்கிலிருந்து ஃபூஸன் வரை, வாகனத்தில் வருபவர்களுக்காக 1950இல் வகுக்கப்பட்ட வழி. ரயில் பாதைகள் அதைப் பின்பற்றிச் செல்வதில்லை. ரோத்தன்புர்க்குக்கு ஸ்டைனாக் என்ற சந்திப்பிலிருந்து ஒரு கிளைப்பாதை மட்டும் வருகிறது. நோர்ட்லிங்கன், டோனாவொர்த்துக்கும் ஆலனுக்கும் இடையிலான வேறொரு பாதையில் இருக்கிறது. டிங்கெல்ஸ்பூலில் வழக்கமான பயணிகள் ரயில் 1985இல் நின்றுபோனது. ஆகவே காரில் வருபவருக்கு ஒரு நாளில் அடங்கும் இந்த மூன்று ஊர்கள் நமக்கு மூன்று தனித்தனி நாட்கள். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் ஒவ்வோர் ஊரையும் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பதே சரியான வழி என்பது என் எண்ணம். வூர்ட்ஸ்புர்க்கிலிருந்து அன்ஸ்பாக் செல்லும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் ஒக்ஸன்ஃபுர்ட், அடுத்து மார்க்ட்பிரைட், இன்னும் தெற்கே ஸ்டைனாக் என நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. காலையில் மார்க்ட்பிரைட்டில் இறங்கி, மைன் ஆற்றங்கரையில் நிற்கும் 18ஆம் நூற்றாண்டுப் பாரந்தூக்கியையும், ஓடையோரத்து மரச்சட்ட வீட்டையும், மறதி நோய்க்குத் தம் பெயரைத் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்ட்ஸ்ஹைமர் 1864இல் பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் ஸ்டைனாக் சென்று ரோத்தன்புர்க்குக்கு மாறலாம். மார்க்ட்பிரைட்டைச் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். எஞ்சிய நாள் முழுவதும் ரோத்தன்புர்க்குக்குக் கிடைக்கும்.

ரோத்தன்புர்க் நிலையத்திலிருந்து பழைய ஊருக்குப் பத்து நிமிட நடைதான். பெரும்பாலோர் சந்தைச் சதுக்கத்தையும் பிளோன்லைன் என்னும் இரு கோபுரச் சந்தியையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அவசியம் மதில்மேல் ஏறுங்கள். கூரையிட்ட அந்த நடைபாதையில் கட்டணமில்லை. 1945 மார்ச் 31 அன்று நடந்த குண்டுவீச்சில் ஊரின் கிழக்குப் பகுதியும் மதிலின் ஒரு பகுதியும் அழிந்தன. பின்னர் உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்த நன்கொடைகளைக் கொண்டு அதை மீண்டும் கட்டினார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் மதிற்சுவரில் கல்வெட்டுகளாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன, அவற்றில் ஜப்பானியப் பெயர்களும் உண்டு. கோயில் கற்களில் உபயதாரர் பெயர்களைப் படித்து வளர்ந்த நமக்கு, அந்தச் சுவரருகே நடக்கும்போது ஒரு நெருக்கம் தோன்றும். அடுத்து புனித யாக்கோபு தேவாலயம். அதன் மேற்கு மாடத்துக்குப் படியேறிச் சென்றால், டில்மான் ரீமன்ஷ்னைடர் 1500களின் தொடக்கத்தில் செதுக்கிய திருஇரத்தப் பலிபீடத்தைக் காணலாம். வண்ணம் பூசாத மரத்தில், ஒவ்வொரு முகத்திலும் தனித்தனி உணர்வு தெரிய அமைந்த சிற்பம் அது. கீழ்த்தளத்தோடு திரும்பிவிடுபவர்கள் அந்த ஊரின் ஆகச்சிறந்த கலைப்படைப்பைத் தவறவிடுகிறார்கள்.

இப்போது திரும்பும் நேரத்துக்கு வருகிறேன். ஸ்டைனாக் செல்லும் கிளை ரயில் பொதுவாக மணிக்கு ஒன்று, பயண நேரம் கால் மணி அளவு. ஸ்டைனாக்கில் அடுத்த ரயிலுக்கு மாறச் சில நிமிடங்கள்தான் இருக்கும். எனவே கடைசி இணைப்புக்கு முந்தைய இணைப்பையே உங்கள் திட்டமிட்ட ரயிலாக வைத்துக்கொண்டு, கடைசியானதைக் கைகாவலாக விட்டுவையுங்கள். ரோத்தன்புர்க்கில் இரவுக் காவலர் வேடமிட்ட வழிகாட்டி ஊரைச் சுற்றிக் காட்டும் நடை இரவில்தான் தொடங்கும். அதில் கலந்துகொள்ள விரும்பினால், அன்றைய கடைசி ரயில் எப்போது என்று காலையிலேயே பார்த்து வைப்பது அவசியம். நோர்ட்லிங்கனில் டானியல் என்னும் தேவாலயக் கோபுரத்தின் காவலர் இரவு 10 மணிக்கு மேல் நள்ளிரவு வரை அரைமணிக்கு ஒருமுறை ஊரை நோக்கிக் கூவும் வழக்கத்தைக் கேட்பதானால், அங்கேயே தங்க ஓர் அறை எடுப்பதுதான் நல்லது.

நோர்ட்லிங்கன் காரில்லாதவர்களுக்கு ஏற்ற ஊர். டோனாவொர்த்திலிருந்து ரயிலில் அரைமணி நேரம், நிலையத்திலிருந்து மதில் கூப்பிடு தூரம். ஊரைச் சுற்றி அறுபடாத வட்டமாக 2.7 கிலோமீட்டர் நீளும் மதிலில் முழுச்சுற்றும் நடக்கலாம். டானியல் கோபுரத்தின் 350 படிகளையும் ஏறினால், ஊரின் வட்ட வடிவமும் அதற்கப்பால் தொடுவானத்தில் குன்றுகளின் வளையமும் தெரியும். அந்தக் குன்றுகள், ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான, 25 கிலோமீட்டர் அளவு அகலமுள்ள பள்ளத்தின் விளிம்பு. கோபுரம் கட்டப்பட்டிருக்கும் கல்லே அந்த மோதலில் உருவான பாறைதான். நிலவுக்குச் செல்லவிருந்த அப்போலோ 14 வீரர்கள் 1970இல் இந்தப் பள்ளத்துக்கு வந்து பாறைகளைப் பற்றிப் பயின்றார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் மூன்று ஊர்களில் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

டிங்கெல்ஸ்பூலுக்குப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். இங்கேதான் என் முதல் இலையுதிர்காலத்தில் ஒரு பாடம் கற்றேன். நூரன்பெர்க்கிலிருந்து நகர் ரயிலில் டோம்பூல் வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் போனோம். 15ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயத்தின் உயரமான உட்கூடத்தில் மனநிறைவோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். மாலையில் நிறுத்தத்துக்கு வந்தால், நான் குறித்து வைத்திருந்த பேருந்து வரவே இல்லை. அட்டவணையில் அந்த நேரத்துக்கு மேலே சிறிதாக ஓர் எஸ் எழுத்து இருந்தது. பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் என்பது அதன் பொருள். அது இலையுதிர்கால விடுமுறை வாரம். நான்கு வயதுக் குழந்தையோடு குளிரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அடுத்த பேருந்துக்காக நின்றோம். பிழை என்னுடையதுதான். சிற்றூர்ப் பேருந்துகள் முதன்மையாகப் பள்ளி மாணவர்களுக்காகவே ஓடுகின்றன என்பது அன்றுதான் புரிந்தது. எனவே காலையிலும் நண்பகலை ஒட்டியும் அடுத்தடுத்து வரும் பேருந்துகள் சனிக்கிழமை குறைந்து, ஞாயிறன்று மிகச் சிலவாகிவிடும். பேருந்தை நம்பிச் செல்லும் ஊருக்குப் பள்ளி நடைபெறும் வாரத்தின் ஒரு வேலைநாளில் விடுப்பெடுத்துச் செல்லுங்கள். ரயில் நிலையம் உள்ள ஊர்களை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில பேருந்துகள் ரூஃப்புஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. முன்கூட்டியே தொலைபேசியிலோ செயலியிலோ பதிவு செய்தால்தான் அவை வரும், நிறுத்தத்தில் காத்திருப்பதால் பயனில்லை.

பயணச்சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடு முழுவதற்குமான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட்-டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோவாக இருக்கிறது. வட்டார ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் செல்லும், ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களுக்குச் செல்லாது. மாதச் சந்தா என்பதால், ஒரு மாதத்தோடு நிறுத்த விரும்பினால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் விலக வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். அது ஒருவர் பெயரில் மட்டும் செல்லுபடியாவதால் பாஸ்போர்ட்டையோ வதிவிட அட்டையையோ உடன் வைத்திருங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் நாட்களில், பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் சீட்டான பையர்ன்-டிக்கெட் சிக்கனமானது. ஐந்து பேர் வரை சேர்ந்து பயணிக்கலாம். ஆனால் வேலைநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் அது செல்லும் என்பதால், 8.55 ரயிலில் ஏறிவிடாதீர்கள். நூரன்பெர்க் வட்டாரத்துக்குள் மட்டும் சுற்றுவதானால், அங்குள்ள போக்குவரத்துக் கூட்டமைப்பின் டாகெஸ்டிக்கெட் பிளஸ் சீட்டைப் பாருங்கள். சனிக்கிழமைக்கு வாங்கினால் ஞாயிறும் அதே சீட்டில் பயணிக்கலாம், பெரியவர்கள் இருவரோடு பிள்ளைகள் நால்வர் வரை செல்லலாம்.

நிலையப் பெயர்களைக் கவனமாகப் படியுங்கள். லாவுஃப் என்னும் ஊரில், பெக்னிட்ஸ் ஆற்றின் இடக்கரையில் ஒன்றும் வலக்கரையில் ஒன்றுமாக இரண்டு நிலையங்கள் வெவ்வேறு பாதைகளில் இருக்கின்றன. இடக்கரை நிலையத்தில் வந்திறங்கியவர் திரும்பும் ரயிலை வலக்கரையில் தேடினால் வீடு திரும்பத் தாமதமாகும். லிம்புர்க்கில் விரைவு ரயில்கள் நிற்கும் தெற்கு நிலையம் பழைய ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. ஷ்வேபிஷ் ஹாலுக்குச் செல்லும்போது ஹெஸன்டால் என்ற நிலையத்தில் இறங்கினால், ஊருக்குள் செல்ல இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். ரயில் பாதியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு திசையில் செல்வதும் உண்டு. பெட்டியின் வெளிப்பலகையில் நீங்கள் போகும் ஊரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தே ஏறுங்கள். ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் டிபி நாவிகேட்டர் செயலியில் டாய்ச்லாண்ட்-டிக்கெட்டுக்கு உரிய இணைப்புகளை மட்டும் காட்டும் வசதியும், ரயில் மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தைக் கூட்டி வைக்கும் வசதியும் இருக்கின்றன. தள்ளுவண்டியோ வயதான பெற்றோரோ உடனிருந்தால் அதைப் பத்து நிமிடமாக வைத்துவிடுங்கள், ஏனெனில் சிறிய நிலையங்களில் மின்தூக்கி இல்லாமல் சுரங்கப்பாதைப் படிகளில் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

பயணத்துக்கு முந்தைய இரவு ஒருமுறை அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். தண்டவாளப் பணி நடக்கும் வாரங்களில் ரயிலுக்குப் பதிலாக மாற்றுப் பேருந்து விடுவார்கள். அது நிலையத்தின் முன்புறத்திலிருந்தோ பக்கத்துத் தெருவிலிருந்தோ, பெரும்பாலும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு செல்லும். அன்றைய கடைசி இணைப்பே ரத்தாகி, நள்ளிரவுக்குள் வீடு சேர வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தால், வாடகைக்காருக்கு 120 யூரோ வரை ரயில் நிறுவனத்திடம் திரும்பப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ரசீதை வாங்கிவையுங்கள், திரையில் ரத்து அறிவிப்பு தெரியும்போது ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் தாமதமானால் ஐசிஇயில் ஏறிப் போகலாம் என்று யாராவது சொன்னால், அது முழுக்கட்டணச் சீட்டுக்கு உரியது. டாய்ச்லாண்ட்-டிக்கெட்டுக்கும் பையர்ன்-டிக்கெட்டுக்கும் பொருந்தாது.

உணவை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். சிற்றூர் உணவகங்கள் பலவற்றில் மதியம் இரண்டு மணிக்குமேல் மாலை ஐந்துவரை சமையலறை நிறுத்தப்பட்டிருக்கும். சைவம் உண்பவர்களுக்குக் கேஸஷ்பெட்ஸ்ல (பாலாடைக்கட்டி சேர்த்த நூடுல்ஸ் வகை) போன்ற ஓரிரு உணவுகளே கிடைக்கும். ஒரு டப்பா எலுமிச்சை சாதமும் பிளாஸ்கில் தேநீரும் எடுத்துச் சென்று மதிலோரப் பூங்காவில் சாப்பிட்டால், பசியோடு ரயில் நேரத்தைக் கணக்கிட வேண்டியிருக்காது. திங்களன்று அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வடக்கே ரூர் பகுதியில், டோர்ட்முண்ட் போன்ற நகரங்களில் இருப்பவர்கள் ஃபிராங்கன் என்னும் இந்த வட பவேரியப் பகுதி வரை வரவேண்டியதில்லை. ஹாம் நகரின் உவென்ட்ரோப் பகுதியில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலுக்கு நீங்கள் எப்படியும் செல்வீர்கள். ஹாமிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்துக்குள் ஸோஸ்ட் என்னும் பழைய வணிக ஊர் இருக்கிறது. பச்சை நிறச் சாயலுள்ள மணற்கல்லால் கட்டிய தேவாலயங்கள் அங்குள்ளவை. அவற்றுள் வீஸன்கிர்ஷ தேவாலயத்தின் கண்ணாடிச் சாளரம் ஒன்றில், இயேசுவின் கடைசி விருந்தில் வெஸ்ட்ஃபாலியப் பன்றித்தொடையும் பியரும் ரை தானிய ரொட்டியும் பரிமாறப்பட்டிருக்கும். தங்கள் ஊர்ச் சாப்பாட்டையே கடவுளின் பந்தியில் வைத்த மக்களின் அன்பு அதில் தெரிகிறது. காலையில் ஸோஸ்ட் சென்று மதியத்துக்குள் ஹாம் திரும்பி, நிலையத்திலிருந்து பேருந்தில் கோயிலுக்குப் போய் மாலைப் பூசையைப் பார்க்கலாம். கோயில் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைப் பகுதியில் இருப்பதால், ஞாயிற்றுக்கிழமையில் திரும்பும் பேருந்தின் நேரத்தை மட்டும் கோயிலுக்குள் நுழைவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.