மியூட்டேஷன்: சடுதி மாற்றமா, விகாரமா, திரிபா?

உயிரிகளின் மரபணுப் பொருளில் நேரும் மாற்றத்தைக் குறிக்கும் மியூட்டேஷன் (mutation) என்பதைத் தமிழகப் பாடநூல்கள் ‘திடீர் மாற்றம்’ என்றும் ‘சடுதி மாற்றம்’ என்றும் எழுதிவந்திருக்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘விகாரம்’ என்கின்றன. செய்தித்தாள்களில் ‘பிறழ்வு’, ‘உருமாற்றம்’, ‘மரபணு மாற்றம்’ ஆகிய மூன்றும் மாறி மாறி வருகின்றன. இவற்றுள் ‘மரபணு மாற்றம்’ என்பதை முதலிலேயே விலக்கிவிடலாம். மரபணு மாற்றுப் பயிர் என்ற தொடரின் வழியே அந்தச் சொல், ஆய்வகத்தில் ஓர் உயிரியின் மரபணுவை இன்னோர் உயிரிக்குள் புகுத்தும் தொழில்நுட்பத்துக்கு உரியதாகிவிட்டது. அதே சொல்லை இயற்கையில் ஓயாமல் நிகழும் ஒன்றுக்கும் வைத்தால் படிப்பவர் குழம்புவார். ‘திரிபு’ என்ற சொல்லே இங்கு மிகப் பொருத்தமானது என்று கருதுகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘சடுதி’ எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ், 1886இல் ஹில்வர்சம் என்ற ஊருக்கு அருகே கைவிடப்பட்ட உருளைக்கிழங்கு வயல் ஒன்றில், ஈனோத்தெரா லாமார்க்கியானா என்னும் மாலையில் மலரும் செடிகளுக்கிடையே உருவத்தில் முற்றிலும் மாறுபட்ட சில செடிகளைக் கண்டார். அவற்றின் விதைகளைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தபின், புதிய இனங்கள் சிறுகச் சிறுக அல்லாமல் ஒரே தாவலில் தோன்றுகின்றன என்ற கொள்கையை 1901 முதல் வெளியிட்டார். அந்தத் தாவலுக்கு அவர் இட்ட பெயர்தான் மியூட்டேஷன். ஆகவே ‘திடீர்’ என்ற அடைமொழி அவருடைய கொள்கைக்கு உண்மையான மொழிபெயர்ப்பு. அதை முதலில் ஆக்கியவர்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவர் கண்ட மாற்றங்களிற் பல, தனி மரபணு ஒன்றில் நேர்ந்தவை அல்ல என்பது பின்னர்த் தெரியவந்தது. ‘கைகாஸ்’ என்று அவர் பெயரிட்ட பெருஞ்செடியில், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 14க்குப் பதிலாக 28 இருந்தன. கொள்கை போய்விட்டது, அதன் அடைமொழி மட்டும் தமிழில் நின்றுவிட்டது.

இன்று மியூட்டேஷன் என்ற சொல் குறிப்பது டி.என்.ஏ.யின் காரவரிசையில் நேரும், அடுத்த தலைமுறை உயிரணுவுக்குக் கடத்தப்படும் எந்த மாற்றத்தையும். காரங்கள் என்பவை டி.என்.ஏ.யின் எழுத்துகள் போன்ற வேதிக்கூறுகள்; அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் அந்த நான்கின் வரிசை படியெடுக்கப்படும்போது, நொதியின் சரிபார்ப்பையும் அதன்பின் நடக்கும் பிழைநீக்கத்தையும் தாண்டித் தங்கிவிடும் தவறு ஏறத்தாழ நூறு கோடிக் காரங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. மனிதருக்கு ஒரு குரோமோசோம் தொகுதியில் சுமார் 300 கோடிக் காரங்கள் இருப்பதாலும், முட்டை, விந்து ஆகிய கருவணுக்கள் உருவாவதற்குள் உயிரணுக்கள் பலமுறை பிரிவதாலும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் தாய் தந்தையரிடம் இல்லாத 60, 70 புதிய மாற்றங்கள் இருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவற்றால் எதுவும் நேர்வதில்லை. எவரும் கவனிக்காமல், எல்லோரிடமும், எப்போதும் நிகழும் ஒன்றைச் ‘சடுதி’ என்று மாணவருக்குச் சொல்லும்போது, அவர் மனத்தில் எழும் படம் உண்மைக்கு நேர் எதிரானதாக அமைகிறது.

சடுதி என்ற கருத்தையே மறுக்கும் எடுத்துக்காட்டும் உண்டு. மூளையின் நரம்பணுக்களைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய்க்குக் காரணமான மரபணுவில் சைட்டோசின், அடினின், குவானின் என்ற மூன்று காரங்கள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். அந்த மடக்கு 26 முறை வரை இருந்தால் தீங்கில்லை. 40ஐத் தொட்டுவிட்டால் நோய் வந்தே தீரும். இடைப்பட்ட நீளம் உள்ள குடும்பங்களில், குறிப்பாகத் தந்தைவழியே, அது தலைமுறைக்குத் தலைமுறை நீண்டுகொண்டே போகக்கூடும். தாத்தாவிடம் தொடங்கிப் பேரனிடம் முற்றும் இந்த நீட்சிக்குச் ‘சடுதி’ எப்படிப் பொருந்தும்? தற்செயலாக நேர்வது என்ற பொருளில் அதைக் காப்பாற்றவும் வழியில்லை. அமெரிக்க மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1927இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பழ ஈக்களில் மாற்றங்களை வேண்டுமென்றே உண்டாக்கினார். 1978இல் கனடாவில் மைக்கேல் ஸ்மித்தின் குழுவினர், தாம் விரும்பிய ஒரே ஒரு காரத்தை விரும்பிய இடத்தில் மாற்றும் முறையை வகுத்தார்கள்; அதற்காக அவருக்கு 1993இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. திட்டமிட்டுச் செய்த அந்தப் பணியைச் ‘சடுதி மாற்றம்’ என்று எழுதுவது சொல்லுக்கும் பொருளுக்கும் பகை மூட்டுவதாகும்.

இனி ‘விகாரம்’, ‘பிறழ்வு’ ஆகியவற்றுக்கு வருவோம். இவற்றின் குறை வேறு வகையானது. இரண்டும் தீர்ப்பை உள்ளே வைத்துக்கொண்டு பேசுகின்றன. விகாரம் என்பதன் மூலப்பொருள் வேறுபாடு மட்டுமே என்பது உண்மைதான். ஆனால் பேச்சுவழக்கில் அது அருவருப்பான தோற்றத்தைக் குறிக்கிறது. ‘பிறழ்வு’ நெறி தவறியதைக் குறிக்கிறது. மருத்துவர் ஒரு தாயிடம் “உங்கள் குழந்தையின் மரபணுவில் விகாரம் இருக்கிறது” என்று சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். அறிக்கை சொல்லாத ஒன்றை அந்தச் சொல் அவர் காதில் சொல்லிவிடும். மேலும், மாற்றம் நன்றா தீதா என்பதை இடமும் சூழலும்தான் முடிவுசெய்கின்றன. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 நெல், தமிழக உழவர்கள் நன்கு அறிந்தது. அதன் குட்டைத் தாளுக்குக் காரணம், ஜிப்பெரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை ஆக்கும் நொதிகளில் ஒன்றின் மரபணுவில் 383 காரங்கள் இல்லாமற் போனதே என்று 2002இல் கண்டறிந்தார்கள். அந்த இழப்பால்தான் மிகுதியாக உரமிட்டாலும் பயிர் சாயாமல் கதிரைத் தாங்கி நின்றது. பஞ்சக் காலத்தில் கோடிக்கணக்கானோருக்குச் சோறிட்ட ஒரு மாற்றத்தைப் பிறழ்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘திரிபு’ புதிதாகப் புனைந்த சொல்லன்று. சொற்கள் புணரும்போது எழுத்துகளில் நேரும் மாற்றங்களை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வகுப்பதைப் பள்ளியில் படித்தவர்கள் அறிவார்கள். ஓர் எழுத்து புதிதாக வருவது, ஓர் எழுத்து வேறோர் எழுத்தாவது, ஓர் எழுத்து மறைவது ஆகிய இந்த மூன்றும், டி.என்.ஏ. வரிசையில் ஒரு காரம் சேர்வது, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வருவது, ஒன்று நீங்குவது ஆகிய மூன்றோடு அப்படியே ஒத்திருக்கின்றன. இந்த மூன்றையும் நன்னூல் சேர்த்து அழைக்கும் பெயர் ‘விகாரம்’. இலங்கை அறிஞர்களின் தேர்வு தமிழ் இலக்கணத்துக்கு அயலானதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் நன்னூலுக்கு மிக முந்திய தொல்காப்பியம் இவற்றையே மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று கூறி, மூன்றையும் திரியும் வழிகள் என்கிறது. அதாவது அங்கே திரிதல் என்பதே பொதுப்பெயர். மாற்றம் எதுவும் நேராதபோது அது ‘இயல்பு’. நம் துறைக்கு வேண்டிய முழு வரிசையும் இதில் அடங்கியிருக்கிறது: பொதுப்பெயர் திரிபு, வகைகள் பிறிதாதல், மிகுதல், குன்றல், மாறாத வடிவத்துக்கு இயல்பு வடிவம். ‘கெடுதல்’ என்பதை நான் தவிர்ப்பதற்குக் காரணம், இன்றைய காதில் அது பழுதாதல் என்றே விழும் என்பதுதான்.

ஒரு தொடரை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். ‘இந்த மரம் பழம் தரும்’ என்ற தொடரில் ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து. உயிரணுவும் காரங்களை இப்படி மும்மூன்றாகப் பிரித்தே படிக்கிறது. ஒவ்வொரு மும்மையும், புரதத்தின் கட்டுமான அலகான அமினோ அமிலம் ஒன்றைக் குறிக்கிறது அல்லது நிறுத்து என்கிறது. இடைவெளி மட்டும் அங்கே கிடையாது. இந்தத் தொடரில் ழகரம் ணகரமானால் ‘இந்த மரம் பணம் தரும்’ என்றாகிறது. இது பிறிதாதல், தொடர் ஒழுங்காகவே இருக்கிறது, பொருள்தான் வேறு. குருதிச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாள் உயிரணு நோயில் நடப்பது இதுவே. குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலிக்கான ஆறாவது மும்மையின் நடுவில் அடினின் இருந்த இடத்தில் தைமின் வருவதால், குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் அமர்கிறது. இந்த ஒற்றை அமினோ அமில வேறுபாட்டை 1957இல் கேம்பிரிட்ஜில் கண்டு சொன்னவர் வெர்னன் இங்கிராம். இந்தியாவில் இத்தன்மை இருப்பதை ஹெர்மன் லேமானும் மேரி கட்புஷும் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே முதன்முதலில் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவர்களைக் கடுமையான மலேரியாவிலிருந்து இதே மாற்றம் காக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘பிறழ்வு’ எவ்வளவு குறுகிய சொல் என்பது விளங்கும்.

அதே தொடரில் ‘மரம்’ என்பதிலுள்ள ரகரத்தை மட்டும் நீக்கிவிட்டு மும்மூன்றாகப் படித்தால் ‘இந்த மம்ப ழம்த ரும்’ என்றாகிறது. ஓர் எழுத்துத்தான் குன்றியது. ஆனால் அதற்குப் பின்னுள்ள எல்லாம் குலைந்துவிட்டன. மாறாக, ‘மரம்’ என்ற மூன்றெழுத்தும் சேர்ந்து போனால் ‘இந்த பழம் தரும்’ என்று எஞ்சியவை பிழைத்துக்கொள்கின்றன. பிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் முதலானோர் 1961இல் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 நச்சுயிரியைக் கொண்டு இந்த நுட்பத்தால்தான் மரபுக்குறியீடு மும்மையாக அமைந்தது என்று காட்டினார்கள்: ஒரு காரம், இரண்டு காரங்கள் கூடினாலோ குறைந்தாலோ மரபணு செயலிழந்தது, மூன்று சேர்ந்து கூடியபோதோ குறைந்தபோதோ பல இடங்களில் செயல் மீண்டது. மும்மைகள் இப்படி இடம் மாறிப் பிரிவதை, ஆங்கில frameshift என்பதன் நேர்ப்பெயர்ப்பாகச் ‘சட்டக நகர்வு’ என்று எழுதுகிறோம். சட்டகம் என்றால் கதவு, படம் ஆகியவற்றின் மரச்சட்டம்தான் கண்முன் வரும். இங்கே நகர்வது, மும்மைகளைப் பிரிக்கும் இடம். ஆகவே ‘பிரிப்பு நகர்வு’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. யாப்பில் சீர் பிரிக்கையில் சொல் உடைந்து பக்கத்துச் சீரோடு போய்ச் சேர்வதை ‘வகையுளி’ என்பார்கள்; பொருத்தம் வியக்கத்தக்கது என்றாலும், உயிரியல் மாணவர் முதலில் யாப்பிலக்கணம் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை நான் முன்வைக்கவில்லை.

குரோமோசோம் அளவில் நேரும் மாற்றங்களுக்கு இலக்கணத்தை இவ்வளவு தூரம் இழுக்க வேண்டியதில்லை. ஒரு துண்டு இருமுறை வந்தால் இரட்டித்தல், திருப்பி வைக்கப்பட்டால் தலைகீழாதல், வேறு குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டால் இடம்பெயர்தல் என்பவை எவருக்கும் விளங்கும்.

‘திரிபு’ என்பதற்கு எழக்கூடிய தடைகளில் இரண்டை மறைக்கக் கூடாது. பால் திரிந்துபோயிற்று என்கிறோம், செய்தியைத் திரித்துச் சொன்னார் என்கிறோம். எனவே இதிலும் தீய சாயல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இலக்கண வகுப்பில் இதே சொல்லைச் சாயலின்றிக் கேட்டுப் பழகியிருக்கிறோம்; நூலைத் திரிக்கிறோம், கயிறு திரிக்கிறோம். விகாரத்துக்கு இப்படி ஒரு மறுபக்கம் இன்று வழக்கில் இல்லை. இரண்டாவது தடை இதனினும் வலுவானது. கொரோனாக் காலத்தில் டெல்டா, ஓமைக்ரான் ஆகிய நச்சுயிரி வகைகளையே ‘திரிபு’ என்று செய்திகளில் எழுதினார்கள். ஓமைக்ரானின் மேற்பரப்பிலுள்ள கூர்ப்புரதத்தில் மட்டும் 30க்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. ‘இந்தத் திரிபில் 30 திரிபுகள் உள்ளன’ என்று எழுதினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே நிகழும் மாற்றத்துக்குத் திரிபு என்றும், அத்தகைய மாற்றங்களைக் கொண்டு வேறுபட்டு நிற்கும் வடிவத்துக்கு ‘வேற்றுரு’ என்றும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்தப் பிரிவை ஏற்காவிட்டால் திரிபு என்ற சொல்லை நானே வலியுறுத்த மாட்டேன்.

கலைச்சொல் ஒன்று கிளை விடுமா என்பதையும் பார்க்க வேண்டும். சடுதி மாற்றம் விடுவதில்லை. அதிலிருந்து பெயரடை, வினை, கருவிப்பெயர் என எதை ஆக்கினாலும் மூன்று நான்கு சொற்கள் நீண்டுவிடும். திரிபிலிருந்து திரிபு வீதம், திரிபுற்ற மரபணு, திரிபாக்கம் ஆகியவை இயல்பாக வருகின்றன. எக்ஸ் கதிர், புற ஊதாக்கதிர், அக்ரிடின் சாயங்கள் ஆகியவற்றைத் ‘திரிபூக்கி’ எனலாம். வினையூக்கி என்று ஏற்கெனவே பழகியவர்களுக்கு இது விளக்கமின்றியே புரியும். ‘திரிந்தது’, ‘திரிகிறது’ என்று வினையாகவும் நிற்பது இதன் பெரிய வலிமை.

மரபணுப் பொறியியலில் இதன் அருகே வைக்க வேண்டிய சொல் ‘திருத்தம்’. டி.என்.ஏ.வை வேண்டிய இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறைக்கு மரபணுத் திருத்தம் என்பது பரவிவிட்டது. அது நல்ல சொல்தான். ஆனால் திருத்தம் எப்போதும் பிழையை நீக்குவதன்று. அரிவாள் உயிரணு நோய்க்கு 2023இல் பிரிட்டனில் ஒப்புதல் பெற்ற காஸ்ஜெவி சிகிச்சை, நோய்க்குக் காரணமான காரத்தைத் தொடுவதே இல்லை. கருவிலிருக்கும்போது உருவான ஹீமோகுளோபின் வகையைப் பிறந்தபின் அடக்கிவைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் ஊக்கப் பகுதியை, நோயாளியின் குருதி மூல உயிரணுக்களில் வெட்டுகிறது; உயிரணு அந்த வெட்டை ஒட்டும்போது சில காரங்கள் மிகும் அல்லது குன்றும்; அடக்கம் தளர்ந்து பழைய ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகிறது. இங்கே திருத்தம் என்பது செயல், அதன் விளைவாக நிற்பது ஒரு திரிபு. ‘திருத்தத்தால் உண்டாக்கிய குன்றல் திரிபு’ என்று ஒரே தொடரில் சொல்ல முடிகிறது. இதையே ‘சரிசெய்தலால் உண்டான பிறழ்வு’ என்றோ ‘திட்டமிட்ட சடுதி மாற்றம்’ என்றோ எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

மருத்துவ அறிக்கைகளில் இந்தப் பெயர்களுக்குள்ள அவசரம் கூடுதல். அமெரிக்க மரபியல் வல்லுநர் அமைப்புகள் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மியூட்டேஷன் என்ற சொல்லையே தவிர்த்து, எல்லாவற்றையும் வேற்றுரு என்ற பொருள்படும் variant என்ற சொல்லால் குறித்து, ஐந்து படிகளாக வகைப்படுத்தச் சொல்கிறது. தமிழில் அவற்றை நோய்தரும் வேற்றுரு, நோய்தரக்கூடிய வேற்றுரு, விளைவு உறுதிப்படாத வேற்றுரு, தீங்கற்றதாகக்கூடிய வேற்றுரு, தீங்கற்ற வேற்றுரு என்று எழுதலாம். நடுவிலுள்ளதுதான் குடும்பங்களை மிகவும் அலைக்கழிப்பது. இன்றைய சான்றுகளைக் கொண்டு ஒரு பக்கமும் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். ‘ஐயத்துக்குரிய’ என்று எழுதினால் நோய் இருப்பதாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார் என்பதால் ‘விளைவு உறுதிப்படாத’ என்பதை வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாகவும் இதே அளவு நடுநிலையாகவும் ஒரு தொடர் இருந்தால், நோயாளிகளிடம் நேரில் பேசும் மருத்துவர்களும் செவிலியர்களும் அதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.